இரண்டு குடித்தனம், ஒரே மீட்டர்

என் மனைவியின் கணினியை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

அவள் வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரத்தப் புற்றுநோய் வந்த பிறகும் விடவில்லை. கடைசி முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், "அத ஆஃப் பண்ணிடாதீங்க, பாதியில நிக்குது, வந்து முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். பதினோராம் நாள் உடலைத்தான் கொண்டுவந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் வேலூருக்கு பஸ் ஏறிப் போன பிறகும், அந்தக் கணினி அறையின் மூலையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. எனக்கு ஓசூர் ரோட்டில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. வேலையில்லாமல் ஓடும் இயந்திரத்தைப் பார்த்தால் அணைப்பது என் கைக்குப் பழக்கம். அதை மட்டும் அணைக்க முடியவில்லை.

ஆராய்ச்சிக்குக் கணினியைத் தானமாக ஓடவிடும் திட்டத்தைப் பற்றி அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நோய்களுக்குக் காரணமான புரதங்கள் எப்படி மடிகின்றன, எந்த மருந்து அவற்றில் போய் ஒட்டும் என்று கணக்குப் போடப் பெரிய பெரிய இயந்திரங்கள் வேண்டும். அதற்குப் பதிலாக, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அந்தக் கணக்கைத் துண்டு துண்டாக அனுப்பிவிடுகிறார்கள். நம் இயந்திரம் ஒரு துண்டை முடித்து அனுப்பினால் அடுத்தது வரும். காசு கிடையாது. பெயருக்கு எதிரே புள்ளிகள் ஏறும், அவ்வளவுதான். புற்றுநோய்க்கான பிரிவும் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் கணினியில் அதை நிறுவினேன்.

அந்தக் கணினி ஓடுவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சில வாரங்களில் அது போதவில்லை. அலுவலகத்தில் கழித்துக்கட்டிய இயந்திரங்களை ஏலம் விட்டபோது இரண்டு வாங்கிவந்தேன். அதிக வேலை பார்க்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளைத் தேடிப் பிடித்துப் போட்டேன். மூன்றும் ராப்பகலாக ஓடின. அறை அடுப்படி மாதிரி சுட்டது. தினமும் காலையில் பல் துலக்கும் முன் புள்ளிகளைப் பார்ப்பேன். அவள் பெயரில்தான் கணக்குத் தொடங்கியிருந்தேன். பட்டியலில் அவள் பெயர் மேலே ஏற ஏற, அவளுக்கு ஏதோ செய்துவிட்டதாக நெஞ்சு நிறையும்.

நான் இருந்தது விவேக் நகரில் ஒரு பழைய வீட்டின் மாடியில். கீழே ஓர் அக்கா தனியாக இருந்தார். அறுபதை நெருங்கும் வயது, கணவர் இறந்து பல வருடம். பக்கத்துச் சர்ச்சில் முதல்முறை புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், பாடகர் குழுவுக்கு அங்கி என்று கோயிலைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்குத் தைத்துக்கொடுத்துப் பிழைத்தார். என் மனைவி படுத்திருந்த மாதங்களில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். வியாழக்கிழமைகளில் கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். கண்டிப்பாகக் குணமாகிவிடும் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர். பில்லைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வது ஆரம்பத்திலிருந்து உள்ள ஏற்பாடு. இருநூறு யூனிட் வரை கரண்ட் இலவசம் என்று அரசு அறிவித்த பிறகு போடுவதற்கே எதுவும் இல்லாமல் போனது. நாங்கள் இருவரும் சேர்ந்தாலும் அந்த அளவைத் தாண்டியதில்லை. தாண்டினால்தான் வம்பு. அதிகப்படி யூனிட்டுக்கு மட்டுமல்ல, முழுசுக்கும் கட்ட வேண்டும்.

மூன்று இயந்திரங்களும் ஓடத் தொடங்கிய முதல் மாதமே பில் நாலாயிரத்தைத் தொட்டது. பிரேசர் டவுனில் இருக்கும் வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது, அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"இத்தனி நாளா சைபர் பில்லு வந்துனு இருந்துச்சு. இந்த மாசம் என்ன ஆச்சு? மீட்டர் கெட்டுப் போச்சா?"

அடுத்த முறை கணக்கெடுக்க வந்தவரை அக்காவே நிறுத்திக் கேட்டார். அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் சரியாகே இதே அம்மா. லோடு ஜாஸ்தி ஆகிதே" என்று கன்னடம் கலந்து சொல்லிப் போய்விட்டார். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. யாரோ கரண்டை அதிகமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது யார் என்று படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியும்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"என் ஃபிரிட்ஜாதான் இருக்கும் தம்பி. பதினஞ்சு வருஷத்துப் பழசு. மோட்டார் நிக்காம ஓடினே இருக்குது. உங்களுக்கும் சேத்து பாரம் ஆயிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? ஊர் பேர் தெரியாத நோயாளிகளுக்காக மூன்று கணினிகளை இரவும் பகலும் ஓட்டுகிறேன் என்றால் சிரிப்பாரோ, அணைக்கச் சொல்வாரோ என்று பயம். அணைக்கச் சொல்லிவிட்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்ற பயம் அதைவிடப் பெரிது.

"பரவாயில்ல அக்கா" என்றேன்.

தப்புச் செய்தவன், தப்பே செய்யாதவரைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு மாடியேறிப் போனேன்.

அடுத்த மாதம் சொல்லிவிடலாம், முழுப் பணத்தையும் நானே கட்டிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் பாதிப் பணத்தை அவரிடமிருந்து வாங்கி என் பாதியோடு சேர்த்துக் கட்டினேன். ஒருநாள், "மேல என்ன தம்பி, பெரிய ஃபேன் மாதிரி சத்தம் கேட்டுனே இருக்குது?" என்று கேட்டார். "ஆஃபீஸ் வேலை அக்கா, கம்ப்யூட்டர் ஓடுது" என்றேன். அவர் தலையாட்டினார். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலையாட்டல். கம்ப்யூட்டர் என்றால் டிவி அளவுக்குக் கரண்ட் எடுக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அவர் தன் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறைக்க ஆரம்பித்தார். தையல் மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் மிதித்தார். தைத்த துணிகளை இஸ்திரி போடாமல், மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொடுத்தார். ஹீட்டரை நிறுத்தினார். பில் குறையவே இல்லை. வாடகை நாளன்று, "கொஞ்சமாவது இறங்குச்சா தம்பி?" என்று கேட்பார். "கொஞ்சம்" என்பேன்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் தண்ணீர் மோட்டார் சாவி வாங்க அவர் வீட்டுக்குள் போனேன். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. தட்டுகளில் வெள்ளைத் துணிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"நிறுத்திட்டேன்" என்றார் அக்கா. "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ஃபிரிட்ஜ்? அலமாரியாவாவது இருக்கட்டும்."

சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எனக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொள்கிறார் என்பது தெரியாது. கேட்டதும் இல்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்கு மணி அடித்த பிறகும் கீழே கதவு திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலில் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டுத்தான் அவர் கோயிலுக்குப் போவார். இறங்கிப் போய்த் தட்டினேன். கதவு தாழிடாமல் சாத்தித்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தார். உடம்பு கொதித்தது. வலது பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. பெருவிரலுக்குக் கீழே கட்டியிருந்த துணி நனைந்திருந்தது. அறைக்குள் ஒரு வாடை.

"மிஷின் மிதிக்கும்போது ஏதோ குத்திச்சு தம்பி. ஆறிடும்னு விட்டுட்டேன்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் அவரைத் திட்டினார். "இன்சுலின் போடறீங்களா இல்லையா?"

"டெய்லி ரெண்டு வேளையும் போடறேன் டாக்டர். ஒருநாள்கூட விட்டதில்ல."

"மருந்த எங்க வெச்சிருக்கீங்க?"

"சமையல்கட்டு ஜன்னல்ல."

"ஃபிரிட்ஜ் இல்லையா?"

"இருக்குது. பில்லு ஜாஸ்தியா வருதுன்னு நிறுத்திட்டேன்."

அவர் சமையல்கட்டுக்குத் தகரக் கூரை. மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்று நாலு மாதத்து மருந்தை வாங்கி அந்த ஜன்னலில் அடுக்கியிருந்தார். வீரியம் போன மருந்தைத்தான் இத்தனை வாரங்களாக ஒருவேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் பேசப் பேச, நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தனியாக அவரிடம் போய்க் கேட்டேன், மருந்து கெட்டதால்தான் இப்படி ஆனதா என்று.

"அதுவும் ஒரு காரணம். புண்ண சீக்கிரம் காட்டியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. இதனாலதான்னு ஒண்ண மட்டும் கை காட்ட முடியாது."

அந்த வார்த்தையைப் பல நாள் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இப்போது விட்டுவிட்டேன்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நஞ்சு ஏறுவது நிற்கவில்லை. நாலு நாள் கழித்துக் கணுக்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

இரண்டாவது ஆபரேஷன் நடந்த அன்று மதியம் வீட்டுக்கு வந்து மூன்று இயந்திரங்களையும் அணைத்தேன். அவளுடையதைக் கடைசியாக அணைத்தேன். திரையில் ஒரு துண்டு பாதிக்கு மேல் முடிந்திருந்தது. காத்திருக்கவில்லை. விசிறிகள் நின்றதும் தெருச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது.

மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கணினிகள், திட்டம், மாதாமாதம் ஏறிய யூனிட், படிக்கட்டில் நான் வாய் மூடி நின்றது. எதையும் விடவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ ஃபிரிட்ஜ் இல்லையா?"

"இல்ல அக்கா."

"யாருக்காக ஓட்டினீங்க?"

"நோயாளிங்களுக்காக. மருந்து கண்டுபிடிக்க உதவும்னு."

"அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல."

போர்வை தட்டையாகிக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கீழதானே தம்பி இருந்தேன்."

அழுதது நான்தான். அவர் அழவில்லை. "போங்க. எனக்கு அசதியா இருக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் தங்கவயலிலிருந்து அவருடைய அண்ணன் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். மாதாமாதம் அவரிடம் வாங்கியதையும் ஆபரேஷன் செலவுக்கென்று என்னால் திரட்ட முடிந்ததையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். "வாங்கிக்கறேன். கட்டைக்கால் வாங்கணும்" என்றார். தையல் மிஷினைப் பக்கத்துத் தெருவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃபிரிட்ஜைப் பழைய சாமான்காரர் வண்டியில் ஏற்றியபோது, உள்ளே கிடந்த ஒரு வெள்ளை கவுன் தெருவில் விழுந்தது. யாருக்கு அளவெடுத்துத் தைத்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் பில் சைபர். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, அந்தம்மா ஃபிரிட்ஜ் போச்சு, பில்லும் போச்சு."

"ஃபிரிட்ஜ் இல்ல சார். என் கம்ப்யூட்டருங்கதான்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ரெண்டு மாசத்துல வேற வீடு பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அடுகோடியில், ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இருக்கிறேன். தனி மீட்டர். அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சொந்தக் காசில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஓட்டட்டும். நான் ஓட்டுவதில்லை.

டிசம்பரில் ஒருமுறை அக்காவுக்கு போன் செய்தேன். அண்ணன் மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றேன். கட்டைக்கால் இன்னும் பழகவில்லை, உட்கார்ந்த இடத்தில் பட்டன் தைக்கிறேன் என்றார். பிறகு அவரே கேட்டார்.

"தம்பி, கோவமில்லன்னு சொல்லுவேன்னுதானே போன் பண்ணீங்க?"

ஆமாம் அக்கா என்றேன்.

"கோவம் இருக்குது. ஜெபம் பண்ணியும் போகல. போனா நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க."

சரி அக்கா என்றேன். இன்னும் அவர் கூப்பிடவில்லை.