ஐந்து அலங்காரப் பூசணிக்காய்கள்

2025 ஒக்டோபர் 11, சனிக்கிழமை, காலை 9 மணி 10 நிமிடம். ஒன்பது பாகைக் குளிர். காற்றில்லை. எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்குப் பனிப்புகார். சுவிஸ் நாட்டின் வின்டர்தூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள தரிப்பிடத்தில் நான், மனைவி, மகள், எட்டு வயதுப் பேத்தி நால்வரும் பஸ்ஸுக்கு நின்றோம். அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு மனைவி அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பிழைப்பாள் என்று சொல்ல அங்கே ஒருவரும் ஆயத்தமாக இல்லை. அதற்குக் காரணம் நான்.

இலையுதிர்கால விடுமுறை அது. பேத்தியின் வகுப்பில் பாதிப்பேர் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போயிருந்தார்கள். மருமகனுக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டதால் இவர்களுக்குப் பயணம் இல்லை. பூசணித் தோட்டத்துக்குப் போகலாம், நுழைவு இலவசம் என்று கண்டுபிடித்தவன் நான்தான். தேநீர்க் குடுவை ஒன்று, ரோல்ஸ் நான்கு, தண்ணீர்ப் போத்தல் இரண்டு. அரைக்கட்டண அட்டையோடு மூன்று பேருக்குப் போய்வர 20 பிராங் 40 சதம். பேத்திக்கு இலவசம். மனைவிக்குப் புரட்டாதிச் சனி விரதம், அந்த வருடத்தின் கடைசிச் சனி. காலையில் தேநீர்கூடக் குடிக்கவில்லை. மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடுதான்.

"நல்ல பூசணிக்காய் கிடைச்சால் பால்கறி வைக்கலாம்" என்றாள் பஸ்ஸில். "வடிவாப் பாத்து எடுங்கோ. போன முறை மாதிரி அழுகலைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ."

"போன முறை அரை விலை" என்றேன்.

"அரை விலை, அரைக் காய்" என்றாள் மகள்.

தோட்டத்தில் ஆட்கள் குறைவு. எங்களைத் தவிர இரண்டு குடும்பங்கள். பனிப்புகாரில் அவர்களுடைய குரல் மட்டும் கேட்டது. வாசலில் ஒரு நீள வாங்கில் வைக்கோல் அடைத்த உருவங்களை உட்கார வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஆறுக்குப் பூசணித் தலை. ஏழாவதற்குத் தலை விழுந்து காலடியில் கிடந்தது. பேத்தி அதைத் தூக்கி வைக்கப் போனாள். மகள் தொட வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வைக்கோல் கட்டுகள் அடுக்கிய பக்கம் போனாள்.

விற்பனைக் கொட்டிலில் விற்க ஆளில்லை. ஒரு தராசு, பூட்டிய காசுப் பெட்டி, அவ்வளவுதான். நாங்களே நிறுத்து, நாங்களே காசு போட வேண்டும். கறிக்கான பூசணி கிலோ 3 பிராங் 50. பக்கத்துப் பெட்டியில் இரண்டு கையில் அடங்கும் காய்கள், மஞ்சளும் பச்சையும் கோடு போட்டவை, ஒன்று ஒரு பிராங். அந்தப் பெட்டியில் ஒரு பலகை செருகியிருந்தது. ஓடி வந்த பேத்தி அதை உரக்க வாசித்தாள்.

"அம்மப்பா, இது டெக்கோவாம், அலங்காரத்துக்கு மட்டுமாம். சாப்பிடுறதுக்கு இல்லையாம்."

"அது இவையளுக்கு" என்றேன்.

அப்படித்தான் நம்பினேன். முப்பத்தாறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இந்த நாட்டுக்காரர் முள்ளங்கிக் கீரையை முறித்து எறிவார்கள். மீன்தலையை எறிவார்கள். பீட்ரூட் இலையை முயலுக்குப் போடுவார்கள். எறிந்ததையெல்லாம் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தோம். சாப்பிடத் தெரியாதவன் எழுதி வைத்த பலகை என்று நினைத்தேன். ஐந்து காய் எடுத்தேன், ஐந்து பிராங் போட்டேன். பலகையைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மணிக்கு வீட்டில் அவள் காயை வெட்டத் தொடங்கினாள். தோல் கத்திக்கு இடம் கொடுக்கவில்லை.

"இது என்னப்பா, சிரட்டை மாதிரிக் கிடக்கு?"

"புது இனமாக்கும்."

பச்சை மிளகாய், வெங்காயம், வெந்தயம் போட்டுத் தேங்காய்ப்பால் விட்டாள். விரதம் என்றபடியால் ருசி பார்க்கவில்லை. சோறு, பருப்பு, கறி மூன்றையும் ஒரு சிறு தட்டில் எடுத்து முதலில் காகத்துக்கு வைத்தாள். பல்கனியில் பறவைகளுக்கு உணவு வைக்கக் கூடாது என்று வீட்டு நிர்வாகம் இரண்டு முறை கடிதம் போட்டிருக்கிறது. ஆனாலும் புரட்டாதிச் சனிகளில் வைப்பாள். ஒரு காகம் வந்தது. பருப்பும் சோறும் தின்றது. பூசணித் துண்டு ஒன்றைக் கவ்வியது, தலையை உதறிக் கீழே போட்டது, கம்பியில் அலகை இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுப் பறந்தது.

"காகம் கறியைத் தொடேல்லை" என்றாள்.

"சுவிஸ் காகம். உறைப்புத் தாங்காது" என்றேன். மகள் சிரித்தாள்.

பேத்தி முதல் வாயிலேயே துப்பினாள். மகள் ஒரு துண்டைக் கடித்து ஒதுக்கிவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"கசக்குது. வெந்தயம் கருகிப்போச்சோ?"

"பாவக்காய் கசக்கேல்லையோ? கசப்பு உடம்புக்கு நல்லது."

நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். அதற்கு மேல் எனக்கே இறங்கவில்லை; அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிறவள், வெறும் வயிறு, கறியைக் கொட்டுவது பாவம் என்று நினைக்கிறவள். சட்டியில் இருந்த முழுவதையும் அவள் சாப்பிட்டு முடித்தாள்.

2 மணி 50க்கு வாந்தி தொடங்கியது. எனக்கும் வயிறு முறுக்கியது, இரண்டு முறை வாந்தி, அதோடு நின்றது. அவளுக்கு நிற்கவில்லை. நான்கு மணிக்கு மேல் இரத்தமும் போனது. மகள் அம்புலன்சுக்கு அடித்தாள். பேத்தியைத் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் வைத்தியர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சோறு, பருப்பு, பூசணிக்காய் என்றாள் மகள். வைத்தியர் தலையாட்டிவிட்டுத் தட்டச்சு செய்தார். அப்போது சுவர்க் கடிகாரத்தில் 5 மணி 12. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். இரத்த அழுத்தம் 78 என்றார்கள். சிறுநீர் இறங்கவில்லை என்றார்கள். குடலில் ஏதோ பிரச்சினை, சத்திர சிகிச்சை வைத்தியரைக் கூப்பிடுகிறோம், வயிற்றைத் திறந்து பார்க்க நேரலாம் என்றார்கள். மனைவியின் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. 5 மணி 19க்கு வாய் திறந்தேன்.

அலங்காரப் பூசணி, கசப்பு, பலகை எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் சொன்னேன். வைத்தியர் எழுந்து வெளியே போய், நஞ்சு பற்றித் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். சத்திர சிகிச்சை வைத்தியரைக் கூப்பிடவில்லை.

"அப்பா, நீங்கள் அந்தப் பலகையை வாசிச்சனீங்களோ?" என்றாள் மகள்.

"ஓம்."

"வாசிச்சுப்போட்டோ அம்மாக்குக் குடுத்தனீங்கள்?"

"ஓம்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

சேலைனும் கண்காணிப்பும் தவிர இதற்குத் தனி மருந்து இல்லையாம். ஐந்து இரவு. மூன்றாம் நாள் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியது. நான்காம் நாள் மனைவியிடம் பலகையைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும். மகள் முந்தாநாளே சொல்லிப்போட்டாள்" என்றாள். "நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

 

நவம்பர் கடைசியில் அவளுடைய தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. அந்த நஞ்சு அப்படியும் செய்யுமாம். வைத்தியர் திரும்ப வளரலாம் என்றார்; வளரும் என்று சொல்லவில்லை. மகள் வாரா வாரம் வருகிறாள். பேத்தியை எங்கள் வீட்டில் சாப்பிட விடுவதில்லை.

ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள் என்று, மாதக் கட்டணம் குறையட்டும் என்று, வருடத்தின் மருத்துவச் செலவில் முதல் 2500 பிராங்கை நாங்களே கட்டுவதாக அவளுடைய காப்புறுதியில் எழுதி வைத்தவனும் நான்தான். அதற்கு மேல் எங்கள் பங்கு 318.60. ஆஸ்பத்திரியில் நாளுக்குப் பதினைந்து பிராங்படி 75. அம்புலன்சில் எங்கள் பங்கு 623.35. மயிர் உதிர்ந்த தலைக்குக் கம்பளித் தொப்பி 29.90.

நேற்று, கடைசி பில்லைக் கட்டிவிட்டு வந்தபோது, தொப்பியோடு சன்னலடியில் இருந்தாள்.

"எல்லாம் சேத்து எவ்வளவு?"

"ஏன் இப்ப அது?"

"சொல்லுங்கோ. நீங்கள் கூட்டிப் பாக்காமல் இருந்திருக்க மாட்டியள்."

பஸ்ஸையும் பூசணிக்காயையும் சேர்த்துச் சொன்னேன்: 3572 பிராங் 25 சதம்.