நூற்று அறுபத்திரண்டு மரம் தாங்கும் லேப்டாப்

“ஆபீஸ் யூஸா மேடம், கேமிங்கா?” என்று கடைப்பெண் கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “நூத்தி அறுவத்திரெண்டு தென்னமரம் தாங்கணும்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கல்லாவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். தஞ்சாவூர் வெயிலில் நடந்து வந்தவர்கள் இப்படி ஏதாவது பேசுவது உண்டு என்று நினைத்தாளோ என்னவோ, மரியாதை குறையாமல், “உக்காருங்க மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. வீடு கட்டி, அதில் ஆட்களைக் குடிவைத்து, அவர்களைச் சாப்பிட வைத்து, குளிக்க வைத்து, தூங்க வைக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அது திக்காமல் ஓட வேண்டும் என்று விளக்கினேன். “பசங்களுக்கா மேடம்?” என்றாள். “எங்க அப்பாவுக்கு” என்றேன். ஒரு டப்பாவைப் பிரித்து லேப்டாப்பை வெளியே எடுத்து என் முன்னால் வைத்தாள்.

புது லேப்டாப்புக்கு ஒரு வாசனை உண்டு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த, லேசாகத் தலையைச் சுற்ற வைக்கிற வாசனை. இதே ஊரில் இன்னொரு கடையில் மூன்று வருஷம் அந்த வாசனையை முகர்ந்துகொண்டு லேப்டாப் விற்றவள்தான் நான். கல்லூரி முடித்த கையோடு கிடைத்த வேலை. பேராவூரணியிலிருந்து வந்த பெண்ணுக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் இருந்தால் போதாதா, நான் ஏதோ விமானத்தில் வேலை பார்ப்பதுபோலத்தான் நடந்துகொள்வேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். “எட்டு ஜிபி ரேம் போதும்ணே, பத்து வருசத்துக்குக் கவலையில்ல.” என்ன தைரியத்தில் பத்து வருஷம் என்று சொன்னேன் என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. பத்து வருஷத்துக்குக் கவலை வைக்காத பொருள் எது, நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கேட்டிருந்தால் தென்னைமரம் என்று சொல்லியிருப்பார்கள்.

அப்பாவிடம் நூற்று அறுபத்திரண்டு மரம் இருந்தது. அவருடைய அப்பா அடுத்தவர் தோப்பில் தேங்காய் உரித்தவர். அப்பா கூலிக்குப் போய், சித்தாள் வேலைக்குப் போய், அந்தத் தோப்பிலேயே ஒரு மூலையை வாங்கி, ஒவ்வொரு தென்னம்பிள்ளையாகத் தன் கையால் குழி தோண்டி வைத்தவர். நான் அந்தக் கடையில் இருந்த காலத்தில் ஒரு ராத்திரி புயல் அடித்தது, ஓய்ந்த காலையில் ஏழு மரம் நின்றது. மீதி எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தது. விழுந்த தென்னைக்கும் ஒரு வாடை உண்டு. இளநீரும் குருத்தும் வெயிலில் புளித்து வருகிற வாடை. தஞ்சாவூரிலிருந்து பாதி வழி பஸ்ஸிலும் மீதி வழி நடந்தும் வீடு போய்ச் சேர்ந்தபோது அந்த வாடைதான் முதலில் வந்தது.

அப்பா விழுந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். “அப்பா” என்றேன். “ம்” என்றார். அடுத்த இரண்டு மாதத்துக்கு அவரிடமிருந்து வந்த ஒரே பேச்சு அதுதான். தட்டில் சோறு போட்டு வைத்தால் ஈ மொய்க்கும். ஊட்டினால் வாயிலேயே வைத்திருப்பார். பக்கத்து ஊரில் அவரைப்போலவே ஒருவர் தோப்பைப் பார்க்கப் போகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா திருப்புளியை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த எல்லா அறைகளிலும் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். மோட்டார் கொட்டகைச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். எங்கள் இருவருக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளத் தைரியமில்லை. அவர் கொல்லைப்பக்கம் போனால் எங்களில் ஒருத்தி பின்னால் போவாள், அவ்வளவுதான். அந்த நாட்களில் நான் பட்ட பயத்தை இனி ஒருமுறை படமுடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

கரண்ட் வரவில்லை. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர், அதில் போன் சார்ஜ் போட வரிசை. அந்த வரிசையில் நான் என் பழைய காலேஜ் லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் சொருகினேன். எல்லோரும் என்னை முறைத்தது நியாயம்தான். ஊரே குடிதண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்தபோது நான் அதில் விளையாட்டு விளையாடினேன். வேறு எதையாவது பார்த்தால் அழுகை வந்தது, அதனால் விளையாடினேன்.

ஒருநாள் அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். திரையில் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

“ஏன் பாப்பா இவன் இப்புடிக் கத்துறான்?”

“பசிக்குதும்மா. இந்தக் கோடு சிவப்பாயிட்டா பசின்னு அர்த்தம்.”

நான் ஃபிரிட்ஜை அமுக்கினேன். அவன் போய்த் தட்டை எடுத்துவந்து உட்கார்ந்து சாப்பிட்டான். கோடு பச்சையானது. அம்மா குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

“சொன்ன ஒடனே போயி சாப்புடுறானா?” என்றாள். பிறகு மெதுவாக, “உங்கப்பாவ இதுல வைக்க முடியுமா?”

வைத்தேன். வேட்டி கிடைக்கவில்லை, கால்சட்டைதான் கிடைத்தது. மீசையும் முன்வழுக்கையும் சரியாக வந்துவிட்டது. அந்த விளையாட்டில் ஆட்கள் நாம் சொல்லாமல் தாமாகவும் எழுந்து எங்கேயாவது போவார்கள். அதை மட்டும் நிறுத்தச் சொன்னாள் அம்மா. “அவரா ஒரு எடத்துக்கும் போக வேணாம்” என்றாள். நிறுத்தினேன். அதற்குப்பிறகு நாம் சொல்லாவிட்டால் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். எட்டாவதுவரை படித்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. படங்களைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் மவுஸை அமுக்கும்போது திரையைப் பார்த்து, “போங்க, போயி சாப்புடுங்க” என்பாள். விளையாட்டு என்பதால் மரியாதையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அவளுக்குத் தோப்பு வேண்டியிருந்தது. அந்த விளையாட்டில் வீட்டைச் சுற்றி மரம் வைக்கலாம், தென்னை மாதிரியே ஒன்றும் உண்டு. அம்மா வைக்க ஆரம்பித்தாள். நாற்பதாவது மரத்தில் லேப்டாப் இரைந்தது. ஐம்பதில் திரை அப்படியே உறைந்து அணைந்துபோனது. திரும்பப் போட்டால் திரும்ப அணைந்தது.

“நாப்பதோட நிறுத்திக்கலாமா, தாங்கலம்மா” என்றேன்.

“ஒன்னு கொறஞ்சாலும் அவருக்குத் தெரியும் பாப்பா” என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். புயலன்றுகூட அழாதவள். லேப்டாப் வாங்கினால் அப்பா பிழைப்பார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் செய்வதற்கு எங்கள் கையில் வேறு ஒன்றுமே இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் அவர் வாயிலேயே வைத்திருந்து துப்பினார்.

வேலைக்குத் திரும்பியதும் நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடையில் பார்வைக்கு வைத்திருந்த லேப்டாப்புகளில் ஒவ்வொன்றாக அந்த விளையாட்டை ஏற்றி, முதலாளி சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து மரம் நட்டேன். ஒன்று எழுபதில் செத்தது. ஒன்று தொண்ணூற்றில் மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. நான் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று ஊரெல்லாம் விற்ற எட்டு ஜிபிக்காரன் நூற்றுப் பத்தில் கையை விரித்துவிட்டான். நான்காம் நாள் முதலாளி பின்னால் வந்து நின்று, “என்னம்மா, வெவசாயமா?” என்றார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மூலையில் உறை பிரிக்காமல் இருந்த, தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கனத்த லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து நட்டோம். நூற்று அறுபத்திரண்டும் நின்றது. அதை எனக்கு எப்படிக் கொடுத்தார் என்பதை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அந்த லேப்டாப்பை அம்மா கூடத்தில் ஸ்டூல்மேல் வைத்து மூன்று நாள் உட்கார்ந்து தோப்பை முடித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா பின்னால் வந்து நின்றார். லீவு போட்டு வந்து நானும் அம்மா பக்கத்தில் இருந்தேன்.

“ஏண்டி, இவ்ளோ நெருக்கமாவா வைப்பாங்க?” என்றார். குரல் கரகரவென்று வந்தது. “இருவத்தஞ்சு அடி விட வேணாமா?”

அம்மா திரும்பவில்லை. “எனக்கென்னங்க தெரியும், நீங்க சொல்லுங்க” என்றாள். தோப்பில் முப்பது வருஷம் தண்ணீர் கட்டியவள் சொன்ன பொய் அது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். மேலண்டை வரிசையைத் தள்ளி வைக்கச் சொன்னார். வாய்க்கால் ஓரத்தில் வளைந்து போன மரம் ஒன்றைக் கேட்டார், நேர்மரம்தான் இருக்கிறது என்றதும் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தைக் கண்டு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. நடுவில் திரையில் அவருடைய கோடு சிவப்பானது. அம்மா ஃபிரிட்ஜை அமுக்கி, வழக்கம்போல, “போங்க, போயி சாப்புடுங்க” என்றாள். திரையில் இருந்தவர் நடந்தார். என் பக்கத்தில் இருந்தவரும் எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அம்மா மவுஸைப் பிடித்தபடியே இருந்தாள்.

தாழ்ப்பாள்களை அவள் திரும்ப மாட்டவே இல்லை.

போன தை மாதம் அம்மா இறந்துபோனாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், மத்தியானம் இல்லை. கனத்த லேப்டாப் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது, உள்ளே இருந்ததை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். காரியம் முடிந்து, இப்போது நான் வேலை பார்க்கிற சென்னைக்குத் திரும்பியபிறகு அப்பா மறுபடியும் “ம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து வைக்கிற சோற்றைத் தொடுவதில்லை என்று அந்த அக்காவே போன் செய்தார். மூன்று நாள் கழித்து அப்பாவே கூப்பிட்டார். “அந்த வெளையாட்டு ஓடுற மாதிரி ஒன்னு வாங்கியாரியா? அவ அதுல இருப்பாள்ல, ஒரு தடவ பாக்கணும்.”

“இருப்பாங்கப்பா” என்றேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அதனால்தான் பஸ் மாறும் இடத்தில் தஞ்சாவூர்க் கடைக்குள் நுழைந்து அப்படி உளறினேன். அந்தப் பெண் காட்டிய மூன்றாவது லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். இப்போது வருகிறவை எல்லாம் இருநூறு மரம்கூடத் தாங்கும்போல, சத்தமே இல்லை. கூடத்தில் அதே ஸ்டூல்மேல் வைத்து, பக்கத்தில் அப்பாவுக்குச் சோறும் போட்டு வைத்து, பென் டிரைவைச் சொருகினேன்.

தோப்பு வந்தது. இருபத்தைந்து அடி விட்டு, வரிசை வரிசையாக. மேலண்டைப் பக்கம் ஒரு மரத்தடியில் கால்சட்டை போட்ட அப்பா நின்றுகொண்டிருந்தார். கீழே ஆட்களின் முகம் வரிசையாக வரும் இடத்தில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது.

“அவ எங்க?” என்றார் அப்பா.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. “உன்னையும் வைக்கட்டுமாம்மா?” என்று அந்த நாளில் நான் கேட்டதும், “நான் எதுக்கு? நாந்தான் இங்கன ஒக்காந்திருக்கேனே” என்று அம்மா மவுஸைக் காட்டிச் சிரித்ததும்.

“அம்மா தன்னை வச்சுக்கவே இல்லப்பா.”

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மஞ்சளாகி, சிவப்பானது. மரத்தடியில் நின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லாததால் அங்கேயே நின்றார். நான் ஃபிரிட்ஜை அமுக்கினேன். அவர் அத்தனை மரத்தையும் கடந்து நடந்து வந்து, தட்டை எடுத்து, உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஸ்டூல் ஓரத்தில் அப்பாவின் சோறு காய்ந்துகொண்டிருந்தது. “அப்பா, போங்க, போயி கையக் கழுவிட்டு வந்து சாப்புடுங்க” என்றேன். அம்மா சொல்வதுபோலத்தான் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.