ஸெல்மா ஓட்டிய ஐந்தாம் எண் டிராம்

ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரத்து டிராம் பணிமனையில் ஸெல்மா யேஷ்கேயைத் தெரியாத ஆள் கிடையாது. ஆண்கள் போருக்குப் போனபோது வண்டியோட்ட வந்தவள். மூன்று குளிர்காலம் ஐந்தாம் எண் வண்டியை ஓட்டினாள். மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தவிர வேறெதுவும் கிடைக்காத அந்தப் பாழாய்ப்போன குளிர்காலத்திலும் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. போரில் தோற்றோம், ஆண்கள் திரும்பினார்கள், உடனே ஓர் உத்தரவும் வந்தது. புருஷனோ பிள்ளையோ இல்லாத பெண்கள் வீட்டுக்குப் போகட்டும், அவர்கள் சம்பாதித்துக் காப்பாற்ற வேண்டியவர்கள் யாரும் இல்லையாம். அவளுக்கு மட்டும் வயிறு இல்லையா? அட போங்கப்பா!

தொப்பி, கோட்டு, பை எல்லாவற்றையும் கணக்கெழுதித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கைப்பிடியை மட்டும் கேட்க மறந்தார்கள். வண்டியை நகர்த்தும் பித்தளைக் கைப்பிடி அது. ஓட்டுநர் வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுபோவது வழக்கம். அது இல்லாமல் வண்டி அசையாது. ஆண்களின் பெயருக்கு எதிரே கைப்பிடி எண்ணை எழுதி வைத்தவர்கள், பெண்களை 'உதவிக்கு வந்தவர்கள்' என்று தனித்தாளில் ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தாளில் எண்ணே இல்லை. அவளும் வாய் திறக்கவில்லை. கோபம்தான், வேறென்ன! அப்புறம் ஒரு வருஷம் சலவைக்கூடத்தில் யார் யாருடைய படுக்கை விரிப்பையோ பிழிந்து பிழிந்து அவள் கை வெந்துபோனது.

1920 மார்ச்சில் சில தளபதிகள் பெர்லினில் ஆட்சியைப் பிடித்தார்கள். தொழிலாளிகள் விடுவார்களா? வேலையை நிறுத்தி நாட்டையே இழுத்து மூடினார்கள். எங்கள் ஊர் ஓட்டுநர்களும் கைப்பிடிகளோடு நடையைக் கட்டிவிட்டார்கள். பட்டாளத்தார் மின்நிலையத்தை எப்படியோ இயக்கிவிட்டார்கள். கம்பியில் மின்சாரம் வந்தது, வண்டிதான் ஓடவில்லை. ஊர் பணிந்துவிட்டது என்று காட்ட அவர்களுக்கு ஒரு டிராமாவது ஓடியாக வேண்டும்.

பணிமனை மேற்பார்வையாளர் ஹ்யூப்னர் ஒரு லெப்டினன்டைக் கூட்டிக்கொண்டு அவள் அறைக்குப் படியேறி வந்தார்.

"ஸெல்மா, எந்தக் கணக்குலயும் இல்லாத நாப்பத்தொண்ணாம் நம்பர் கைப்பிடி உங்கிட்டதானம்மா இருக்கு?"

"ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாங்க ஐயா?"

"வந்து ஓட்டு. வேலைய நிரந்தரமாக்கிடறோம். எழுதியே தர்றேன்," என்றான் லெப்டினன்ட்.

எழுதியும் கொடுத்தான். அவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். ஆசையில்லை என்று யார் சொன்னது? பிறகு கைப்பிடியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

பணிமனை வாசலில் வேலைநிறுத்தக்காரர்கள் நூறு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவன் ப்ரூனோ ஷோல்ஸ். அவள் வண்டியை அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

"கருங்காலி! த்தூ! ஒரு வேலைக்காக ஊரையே வித்துட்டியாடி?"

"என் வேலைய நீ வாங்கிக்கிட்டப்ப எந்த ஊரை வித்த?" என்று கேட்டபடி உள்ளே போனாள்.

வண்டியில் ஏறிப் பழைய இடத்தில் நின்றதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒழுங்காக ஓட்டினால் போதும், இந்த இடம் அவளுடையது. பணிமனைக்கு ஒரே வாசல், வாசலிலேயே வளைவு. அங்கே வண்டியை நடைவேகத்தில் நகர்த்த வேண்டும் என்பது முதல் நாள் பாடம். ஸெல்மா முழு வேகத்துக்குக் கைப்பிடியைக் கடைசிவரை திருப்பினாள்.

"ஏய், வளைவு! வளைவு!" என்று ஹ்யூப்னர் அலறினார்.

முன்சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு எகிறின. வண்டி வாசல் தூணில் மோதிக் குறுக்காகச் சிக்கி நின்றது. பின்னால் அறுபது வண்டிகள். இனி ஒன்றுகூட வெளியே வர முடியாது. அவள் கைப்பிடியைக் கழற்றிக் கூட்டத்தை நோக்கி வீசினாள். அது ப்ரூனோவின் காலடியில் போய் விழுந்தது.

"எடுத்துக்கிட்டு ஓடுடா, மடையா!"

லெப்டினன்ட் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. அப்படியே கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள். அங்கேயும் அவள் வாய் ஓயவில்லை என்று காவலுக்கு நின்றவனே பிற்பாடு சொன்னான்.

அந்த ஆட்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. விடுதலையானதும் கட்டுப்போட்ட கையோடு நேரே பணிமனைக்கு வந்தாள். அதற்குள் வண்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள். ப்ரூனோ நாற்பத்தொன்றாம் எண் கைப்பிடியோடு வண்டியின் படியில் நின்றிருந்தான்.

"குடு," என்றாள்.

"ஸெல்மா, நீ செஞ்சதை இங்க எவனும் செய்யல. ஒத்துக்கறேன். ஆனா உத்தரவு இருக்கே. எனக்கு மூணு பிள்ளைங்க. நீ ஒண்டிக்கட்டை..."

"ஆமாடா, ஒண்டிக்கட்டைதான். அறுபது வண்டிய நிறுத்தினதும் இந்த ஒண்டிக்கட்டைதான். நீங்க நூறு பேரு வெளிய நின்னு காறித் துப்பினீங்க."

ப்ரூனோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருத்தனும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. கைப்பிடியை அவளுடைய இடது கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கப் போனான்.

"எங்க போற? எனக்கு ஒரு கைதான் இருக்கு. பிரேக்கை நீ பிடி. வேலை யாருக்குன்னு போற வழியில சண்டை போட்டுக்கலாம்," என்றாள் ஸெல்மா.