மேடம் செதுக்கிய பொம்மை

எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்கு வருகிறவர்கள் மாடி அறையில் அந்தப் பொம்மையைப் பார்த்து ஒரு நிமிஷம் திடுக்கிட்டுத்தான் போவார்கள். தையல் கடைகளில் துணி மாட்டி வைத்திருப்பார்களே, தலையும் கையும் இல்லாத பெண் உடல், அதுதான். ஆனால் இதில் இடது மார்பு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருக்கும். உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை, இப்படித்தான் செய்தது என்பேன்.

செய்தவர் மேடம், ஸ்பெயின்காரர். நியூயார்க்கில் அவருடைய தையற்கூடத்தில் நான் கணக்கு பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிப் போவேன். ஒரு காலத்தில் பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் பெயர் போட்ட கவுன்கள் நின்றிருக்கின்றன. நான் சேர்ந்தபோது அந்தப் பவிசெல்லாம் போயிருந்தது. காரணம் அவருடைய பிடிவாதம்தான். கடைக்காரர்கள் கொடுத்த ஒல்லிப் பொம்மைக்குத் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பொம்மை. தொப்பை உள்ள அம்மாளுக்குத் தொப்பையோடு, கூன் விழுந்தவருக்குக் கூனோடு. நுரைப் பொம்மையில் பஞ்சு வைத்துக் கட்டியும் சீவி எடுத்தும் அவரே செய்வார். இப்படி உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தால் கவுன் எப்போது தைப்பது, கடை எப்படி ஓடுவது? கணக்கு பார்க்கிறவள் நான், மாசா மாசம் நஷ்டத்தை எழுதுகிறவள் நானல்லவா. பிழைக்கத் தெரியாத அம்மாள் என்று ரயிலில் திரும்பும்போதெல்லாம் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் எனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மணமேடையில் அத்தனை பேர் கண் முன்னால் எப்படி நிற்பது? உள்ளே பேட் வைத்துப் பார்த்தேன். தழும்பு எரிந்தது, கையைத் தூக்கினால் நகர்ந்தது. முந்தானையை அகலமாக விட்டுக்கோ, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோழிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில், தாரை வார்க்கும்போது எங்களுக்குப் பதில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் நிற்கட்டும், நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மகள், “நோ அம்மா, இட் ஹாஸ் டு பி யூ” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள்தான் மேடத்துக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை மேடம் ஒரு பொம்மையோடு வந்து இறங்கினார். ரயிலில் அதைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தாராம்! கதவைச் சாத்திவிட்டு என்னை அளவெடுத்தார். பிறகு சமையலறையிலிருந்து ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்து வந்து, பொம்மையின் இடது பக்கத்தைச் சீவ ஆரம்பித்தார். எனக்கு மறுபடியும் ஆபரேஷன் நடப்பதுபோல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாம் மேடம், உள்ளே ஏதாவது வைத்தே தைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

மேடம் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இல்லாத உடம்புக்குத் தைக்க மாட்டேன் என்றுதானே எல்லாவற்றையும் விட்டேன். உன்னிடம் ஆரம்பிக்கச் சொல்கிறாயா?”

ரவிக்கை அவருக்குப் புதிது. என் பழையது ஒன்றைத் தையல் பிரித்துப் பார்த்துப் படித்துக்கொண்டார். தட்டையான பக்கத்தில் தோளிலிருந்து பட்டுத் துணியை மெல்லிய மடிப்புகளாக இறக்கினார். தழும்பின் மேல் ஒரு தையல்கூடப் படவில்லை. கல்யாணத்தன்று கணவருக்குப் பக்கத்தில் நின்று, கையை நன்றாகத் தூக்கித் தண்ணீர் ஊற்றித்தான் தாரை வார்த்தேன். பேட் இல்லை, முந்தானையையும் இழுத்துப் போர்த்தவில்லை. முன் வரிசையில் மேடம் கோணல்மாணலாகக் கட்டிய புடவையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இப்போது கடையை மூடிவிட்டு ஸ்பெயினுக்கே போய்விட்டார். அவர் மட்டும் பிழைக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் என் மகளை வேறு யாரோதான் தாரை வார்த்திருப்பார்கள்.

போன வாரம் எங்கள் தமிழ் வட்டத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அவளுக்கும் அதே ஆபரேஷன், முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கொடுத்த காபி அப்படியே ஆறிப்போயிருந்தது. மாடிக்குக் கூட்டிப்போனேன். பொம்மைக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“டச் பண்ணிப் பார்க்கலாமா ஆண்ட்டி?”

“தாராளமா தொட்டுப் பாரும்மா,” என்றேன். “அது நான்தான்.”