முந்திரிப்பருப்பு எலும்பு

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாரோ கையை ஊன்றி விழுவார். டாக்டர் கத்தி வைக்காமல் மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவார். அந்தக் குறிப்பைப் பென்னலூர் வாடகை வீட்டில் உட்கார்ந்து நான் படிப்பேன். எந்தக் கை, எந்த எலும்பு, இழுத்து நேராக்கினாரா, அப்படியே கட்டினாரா என்று பார்த்து இன்சூரன்சுக்கு உரிய எண்ணைப் போட வேண்டும். கடைசியில் ஒரு எழுத்து வரும். எலும்பு ஒட்டி வந்தால் 'டி'. ஒட்டவே இல்லையென்றால் 'கே'. ஊரார் மணிக்கட்டெல்லாம் எனக்கு அத்துப்படி.

அதனால்தான் என் கணவர் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வழுக்கி விழுந்து வலது கையில் கட்டோடு வந்தபோது, அவரைவிட நான் அதிகம் பயந்தேன். உடைந்தது கட்டைவிரல் அடியில் முந்திரிப்பருப்பு அளவில் இருக்கும் எலும்பு. ரத்த ஓட்டம் குறைவு. அசைந்துகொண்டே இருந்தால் ஒட்டாது.

அவர் காண்ட்ராக்ட் ஆள். சூப்பர்வைசர் போனில் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"கட்டோட வந்தா கேட்டுல வுட மாட்டாங்கபா. பிரிச்சிட்டு வா, குந்திகினே செய்யற வேலையா தரேன். இல்லாங்காட்டி வேற ஆள் போட்டுடுவாங்க."

"என் சம்பளத்துல ஓட்டிக்கலாம்ங்க" என்று கெஞ்சினேன். மறுநாள் நான் லேப்டாப் முன்னால் இருந்தபோது பாத்ரூமில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. குளிக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு கேட்காமல் போய்ப் பார்த்தால், ஊறிய மாவுக்கட்டைக் காய்கறிக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார்.

"கை போனா கம்பெனிக்காரனா சோறு போடுவான்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று கத்தினேன்.

"வலியே இல்லட்டி. சும்மா கெட" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகு எனக்கு வந்த மணிக்கட்டுகளில் பாதிக்கு மேல் 'டி'. முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவன் எலும்பின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால் இவர் வர மாட்டார். டாக்டர் எழுதாததை நாங்களாக ஊகித்துப் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒட்டவில்லை என்று எந்த டாக்டரும் இன்னும் எழுதவில்லையே.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்தேன். குழம்பும் சோறும் பிசைந்து உருட்டித் தின்பதில் அவருக்குத் தனி ஆசை. முதல் கவளம் விரல்களுக்குள் நிற்காமல் தட்டில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒரு ஸ்பூன் இருந்தா எடேன்."

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஸ்பூன் உப்பு டப்பாவுக்குள் கிடந்தது. அதைக் கழுவிக்கொண்டு நிற்கையில், யாரும் எழுதாத அந்தக் 'கே'யை நானே போட்டேன்.