மலைக்கு ஒரு ஸ்பீக்கர்

கச்சிராயபாளையத்தில் ரேடியோ கடை வைத்திருந்த தனசேகரனுக்கு, ஸ்பீக்கர் என்றால் நெஞ்சு அதிர வேண்டும். குறைத்துச் செய்யச் சொன்னால் முகம் சிவந்துவிடும். கல்வராயன் மலையிலிருந்து நாலு பேர் வந்து, ஊர்க்கோயிலுக்குச் சேர்ந்தே ஒரு ஸ்பீக்கர் செய்வோம், பலகை எங்களுடையது என்றார்கள். அவர் உடனே கடைத் தரையில் சாக்பீஸால் ஆளுயரப் பெட்டி ஒன்றை வரைந்தார்.

வந்த நாலு பேரில் ஒருவரான சின்னதுரை, “இந்தப் பெட்டி வேணாங்க,” என்றார்.

“பெட்டி இல்லன்னா பாட்டு எடுபடாதுய்யா. உனுக்கு இன்னா தெரியும்?” என்று தனசேகரன் சீறினார்.

“பாட்டு கம்மியா இருந்தாலும் பரவால்லங்க. கூப்ட்டா பக்கத்து ஊருக்குக் கேக்கணும். எம்பொண்டாட்டிக்கு வலி வந்தன்னிக்கு எங்கூரு ஆம்பளைங்க எல்லாம் கீழ கரும்பு வெட்டப் போய்ட்டாங்க. டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆளு இல்ல. பக்கத்து ஊரப் பாத்து கத்திக்கினே இருந்தேன். அவ மூச்சு அடங்குற வரைக்கும் ஒருத்தருக்கும் கேக்கல.”

கூட வந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். தனசேகரன் மண்டியிட்டு, வரைந்த பெட்டியை உள்ளங்கையால் அழித்தார். அந்த இடத்தில் வாய் அகன்ற தகரக் குழாய் ஒன்றை வரைந்தார்.

“பக்கத்து ஊரு எம்மாந் தூரம்?” என்று கேட்டார்.

அந்த ஊர் இருக்கும் இடத்தைக் குறிக்க, சின்னதுரை சாக்பீஸை வாங்கிக்கொண்டு எழுந்தார். கடை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, நடந்துகொண்டே இருந்தார்.