தெய்வநாயகம் கேட்ட ஒரு சாண் துவாரம்

சென்ற வாரம் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரிக்காரர்தான் செய்தி சொன்னார். "ஊதுவத்திக் கிராணி போயிட்டாருங்க. நெஞ்சு வலியாம்." தெய்வநாயகத்தை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரைப் பற்றி உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.

எழுபதுகளில் மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் ஒரே அரசாங்க அலுவலகத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். அவர் வாடகை அறைகளைச் சோதிக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா; நான் தட்டச்சர். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளைவிட்டு டவுனுக்கு வந்த நம் சனங்கள் கடைகளுக்குப் பின்னால் தகர அறைகளில் குடியிருந்தார்கள். மூட்டை மூட்டையாகக் கரி எரித்தும் குளிர் போகாது. தெய்வநாயகம் கொளுத்திய ஊதுவத்தியோடு சுவரோரமாக நடப்பார். புகை எங்கே கோணுகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார். "சாமி எங்க கிராணி, சுவத்துக்குள்ளயா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். "குளிரு வர்ற வழிம்மா இது. வீட்டுக்காரன் அடைக்கணும். நீங்க கரிய அள்ளிப் போட்டு ஒண்ணும் ஆவாது" என்பார்.

மேலதிகாரிகளிடம் நடையாய் நடந்து ஒரு விதிக்கு அனுமதி வாங்கினார். வாடகைக்கு விடும் அறையின் தகரத்துக்கு உட்புறம் பலகை அடிக்க வேண்டும். கூரைக்கடியிலும் பலகை வேண்டும். கதவு இடுக்கில்லாமல் சாத்த வேண்டும். கடைசியாக ஒன்று: சுவரின் மேல்பக்கம் கம்பிவலையோடு ஒரு சாண் துவாரம். லயத்தில் அடுப்படி தனியாக இருக்கும். டவுன் அறையிலோ பிஸ்கட் டின்னில் கரியைப் போட்டு, அதைச் சுற்றியே படுப்பார்கள். "கரிக்காத்து வாடையில்லாம கொல்லும். அடுப்பும் ஆளும் ஒரே ரூம்ல இருக்கற வரைக்கும் அந்த ஓட்ட வேணும்" என்றார்.

விதியைத் தாளில் அடித்தபோது, துவாரம் பற்றிய அந்தக் கடைசி வரியை நான் தட்டச்சு செய்யவில்லை. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானும் அப்படியோர் அறையில்தான் இருந்தேன். என் மகள் பிறந்து நாற்பது நாள். குளிரில் அவள் உதடு நீலம் பாரிக்கும். இவ்வளவையும் அடைத்துவிட்டு எந்தப் பைத்தியக்காரனாவது ஓட்டை போடுவானா என்று நினைத்தேன். அத்தனை கெட்டிக்காரன் நான். தெய்வநாயகம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "நீ அடிச்சத நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார்.

வீட்டுக்காரர்கள் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை வாங்கி அடித்தார்கள். பாதிக் கரியே போதுமென்று எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். மழை மாதம் தொடங்கியதும் சிலர், "காலையில எந்திரிச்சா தலை கனக்குதுலா கிராணி" என்றார்கள். அவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். "ஓட்ட போடாம ஏமாத்துறானுங்க. எல்லாருக்கும் ஒரு கடுதாசி அடி" என்று என்னிடம் வந்து சொன்னார். விதியிலேயே இல்லாததை எப்படிக் கேட்பது? இதோ அதோ என்று இழுத்தேன். அவர் தினமும் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில், தேயிலை ஆலையில் வேலை செய்த கோவிந்தன் வீட்டுக் கதவு நன்றாக விடிந்தும் திறக்கவில்லை. தெய்வநாயகம்தான் கடப்பாரையால் நெம்பினார். கோவிந்தன் பிழைத்தான். அவன் மனைவி லெட்சுமி பாயைவிட்டு எழவில்லை. அறைக்குள் அப்போதும் இதமான சூடு இருந்தது. அதே கடப்பாரையோடு அவர் அறை அறையாகப் போய்ச் சுவரை உடைத்தார். குளிர் வருகிறதென்று சனங்கள் திட்டத் திட்ட, அடுத்த அறைக்குப் போனார்.

பிறகு அலுவலகத்துக்கு வந்து, தன் கையெழுத்திருந்த தாளை முதல் முறையாகப் படித்தார்.

"விட்டுட்டியா?"

தலையாட்டினேன். தாளை மேசைமேல் வைத்தார். "கைக்குழந்தைக்காரன். வாய மூடிக்கிட்டு இரு" என்றார். விசாரணையில், "கையெழுத்து என்னோடது" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. வேலை போயிற்று. கோலா தெர்லாவில் காய்கறி போட்டுப் பிழைத்தார். எங்கே கண்டாலும் கோவிந்தன் அவர் காலடியில் காறித் துப்புவான். அவர் நகராமல் நிற்பார். பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

அவர் சாவுக்குக் கோவிந்தன் வந்திருந்தான். வீட்டுக்குள் வராமல் சாலையோரமாகவே நின்றான். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மனுசன் உசுரோட இருக்கையில இதச் சொல்லியிருந்தா, ஒரு தடவையாச்சும் அவரு கையப் புடிச்சிருப்பேன்லா" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

தெய்வநாயகத்தின் நினைவாக என்னிடம் இருப்பது என் நல்ல பெயர். இந்த ஊரில் யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. அது அவருடைய பெயர். அவர் போன பிறகுதான் அதைத் திருப்பித் தர எனக்குத் துணிவு வந்தது.